உயரத்துக்கு டானிக் கேட்டு வருபவர்கள்

தர்மபுரியில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். என் உயரம் 160 செ.மீ. புதிதாக வருகிறவர்களில் சிலர் என்னிடமே வந்து "டாக்டர் எப்ப வருவாருங்க?" என்று கேட்பார்கள். எனக்கு அது சிரித்துப் பழகிவிட்டது. பதினாறு, பதினேழு வயதுப் பையன்களால் அப்படிச் சிரிக்க முடிவதில்லை.

போன மாதம் பென்னாகரம் பக்கமிருந்து ஓர் அம்மா 17 வயது மகனோடு வந்தார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். உயரம் கூட்டும் பவுடராம். ஆன்லைனில் வாங்கியது, இது மூன்றாவது டப்பா. பையனைச் சுவரோரம் நிறுத்திப் பலகையைத் தலையில் இறக்கினேன். குதிகால் மெல்ல எழும்பியது. "காலை நல்லா ஊனி நில்லுப்பா" என்றதும் தலையைக் குனிந்துகொண்டான். 161.

"காலையில அளந்தா 162 வருதுங்க சார்."

அவன் சொன்னது பொய்யில்லை. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் நீர் ஏறி உப்பும். பகலில் அமுங்கிவிடும். ஒரு செ.மீ. போல வித்தியாசம் வரும். தினமும் எழுந்ததும் கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுகிறானாம். போட்ட இடத்திலேயே போட்டு அந்த இடம் கறுத்துவிட்டது என்றார் அம்மா.

இடது கையை எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு நுனிகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் மூடியிருந்தன. பையன்களுக்குப் பெரும்பாலும் 16-லிருந்து 18 வயதுக்குள் மூடிவிடும். அப்புறம் பவுடராலும் பயனில்லை, கம்பியில் தொங்கினாலும் பயனில்லை, ஹார்மோன் ஊசிக்கும் வேலை இல்லை. உயரம் கூட்டும் என்று மருந்தை விளம்பரம் செய்வது 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மருந்து என்ற சொல்லே அதில் இல்லை, சத்துப்பொடி என்றுதான் போட்டிருந்தது.

நான் கவலைப்படுவது சின்ன வயதில்தான். நாலு வயதுக்குமேல் வருடத்துக்கு 5 செ.மீ. கூட வளராத பிள்ளைக்குத் தைராய்டு குறைவோ, ஹார்மோன் குறைவோ, குடல் கோளாறோ இருக்கலாம். அப்போது கூட்டிவாருங்கள். மீசை முளைத்தபிறகு அல்ல.

இந்தப் பையனுக்கு போலீஸ் ஆசையும் இல்லை. இருந்தால் பேச்சு வேறு. இரண்டாம் நிலைக் காவலருக்கு ஆண்களில் பட்டியல் வகுப்பு, பழங்குடியினருக்கு 167 செ.மீ., மற்றவர்களுக்கு 170 என்று அளவு வைத்திருக்கிறார்கள். சரி, அது அந்த வேலைக்கான விதி. ஊரில் எல்லாவற்றுக்கும் அதே அளவுகோலை நீட்டுகிறார்களே, அதுதான் வேதனை. "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று பழமொழியே வைத்திருக்கிறோம். ஆறுதல் சொல்ல வருகிறவரும் "மூர்த்தி சிறுசு, கீர்த்தி பெருசு" என்பார். மூர்த்தியை அளக்காமல் அவராலும் பேச முடியாது. உயரமான ஆள் அதட்டினால் மிடுக்கு. குட்டையானவன் அதட்டினால் "குள்ளனுக்குக் கோவத்தப் பாரு." பெண் பார்க்கப் போன இடத்தில் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதை நானே அனுபவித்திருக்கிறேன்.

இவன் வீட்டில் ஒரு சித்தப்பா. மாரியம்மன் பண்டிகைக்கு வந்தாலும் சரி, துக்கத்துக்கு வந்தாலும் சரி, "என்னடா கட்டை, இன்னும் அங்கயேதான் நிக்கறியா?" என்றுதான் ஆரம்பிப்பாராம். பவுடர் வாங்கும் யோசனையும் அவருடையது.

அப்பாவையும் அளக்க வேண்டும் என்று அடுத்த வாரம் வரச் சொன்னேன். 163. அம்மா 150. இரண்டையும் கூட்டி, 13 சேர்த்து, பாதியாக்கினால் மகனுக்கு 163 வரும். எட்டு செ.மீ. முன்னே பின்னே இருப்பது சாதாரணம். கணக்கைக் கேட்டதும் அப்பா முகம் வாடிவிட்டது. "அப்ப என் வழியாத்தான் வந்துச்சுங்களா சார்?"

"நீங்க என்ன வேலைங்க?"

"லாரி ஓட்டறேங்க. பெங்களூர்லருந்து லோடு."

தொப்பூர் கணவாயில் ராத்திரி லோடு லாரியை இறக்குகிற ஆள், மன்னிப்புக் கேட்பதுபோல் என் முன்னால் நின்றார். பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சீட்டில் மருந்து எதுவும் எழுதவில்லை. "ஒரு டானிக்காவது எழுதுங்க சார்" என்றார் அம்மா. அடுத்த தடவை அந்தச் சித்தப்பாவைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினேன். இதுவரை வரவில்லை.