கீறல் விழுந்த ரெக்கார்டுக்கு ஒரு கணக்கு உண்டு

சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பவரைக் கீறல் விழுந்த ரெக்கார்டு என்கிறோம். எத்தனை விநாடிக்கு ஒருமுறை சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு கணக்கே இருக்கிறது. எல்பி எனும் பெரிய ரெக்கார்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. பாட்டு பதிந்த சுருள் பள்ளத்தில் ஓடும் முள், கீறலில் இடறி முந்தின சுற்றின் பள்ளத்துக்குள் விழுந்துவிடும், அப்புறம் அந்த 1.8 விநாடிப் பாட்டுதான், யாராவது எழுந்து போய்த் தட்டிவிடும் வரைக்கும்.

எங்கள் ஊர் மைக் செட்காரர் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். முள் இருக்கும் தலைமேல் ஒரு நாலணாவை வைத்துவிடுவார், முள் தாவாது. ஆனால் நல்ல பிளேயரில் முள் இரண்டு கிராம் அளவுக்குத்தான் அழுத்த வேண்டும், நாலணாவின் எடையே இரண்டரை கிராம். வைரமுனையும் மெதுவாகத் தேயும், ஆனால் அதைவிட வேகமாகத் தேய்வது பிளாஸ்டிக்தான். அந்தக் கல்யாணப் பாட்டுகள் வருஷத்துக்கு வருஷம் கரகரத்ததில் நாலணாவுக்கும் பங்கு உண்டு.

ரெக்கார்டில் கேட்பதுதான் கதகதப்பான, இயற்கையான ஒலி, டிஜிட்டல் அப்படியில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. வீட்டில் பிளேயர் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ரெக்கார்டைச் சுழலவிட்டு, முள்ளுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோங்கள். எறும்பு பாடுகிற மாதிரி மெலிசாகப் பாட்டு கேட்கும். பள்ளம் ஆங்கில எழுத்து ‘வி’ போன்றது, இரண்டு சுவர்களும் 45 பாகை சாய்ந்திருக்கும், ஒரு சுவரில் இடது காதுக்கான ஒலி, மற்றதில் வலது காதுக்கானது. முள் அந்த மேடுபள்ளங்களில் ஆடுவதைக் காந்தமும் கம்பிச்சுருளும் சில மில்லிவோல்ட் மின்சாரமாக மாற்றுகின்றன, அவ்வளவுதான் சங்கதி. காதை வைத்தபோது கேட்ட ஒலியில் பேஸ் கிட்டத்தட்ட இருக்காது, ஏனென்றால் ரெக்கார்டில் பள்ளத்தை வெட்டும்போதே அதைக் குறைத்துவிடுகிறார்கள். தாழ்ந்த ஒலியை முழு அளவில் வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து இடத்தையெல்லாம் தின்றுவிடும், 22 நிமிடம் பிடிக்கிற பக்கத்தில் பாதிகூடப் பிடிக்காது. உச்ச ஒலிகளை மாறாக ஏற்றி வெட்டுவார்கள், தூசியின் இரைச்சலுக்கு மேலே அவை நிற்கட்டும் என்று. பிளேயர் பக்கம் இதைத் திருப்பிச் சரிசெய்ய ‘ஃபோனோ’ என்று ஒரு மின்சுற்று இருக்கிறது. 1950களிலிருந்து கிட்டத்தட்ட உலகம் முழுக்க ஒரே சூத்திரம்தான், அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம் வகுத்தது.

ஆக, ‘எந்த மாற்றமும் செய்யாத இயற்கையான ஒலி’ என்று ரெக்கார்டைச் சொல்வது சரியில்லை. வெட்டுவதற்கு முன் அதற்கு எத்தனையோ சமரசம். பேஸை இரண்டு காதுக்கும் பிரித்துக் கொடுத்தால் முள் மேலே துள்ளும் என்பதால் அதை நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள். ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற ஒலிகளை அடக்குவார்கள். இதெல்லாம் போக இடப்பிரச்சினை வேறு. வெளி ஓரத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பள்ளம் முள்ளைக் கடக்கிறது, உள்ளே லேபிள் பக்கம் போகப் போக அது 21 ஆகிவிடும். அதே பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டும். கடைசிப் பாட்டில் பாடகியின் குரல் கொஞ்சம் பிசிறடித்தால் பெரும்பாலும் அவர் மேல் தப்பில்லை.

சரி, டிஜிட்டல். 1982இல் வந்த சிடி, ஒலி அலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்கிறது. உடனே ஒரு படம் காட்டுவார்கள்: வழவழப்பான அலை, அதன்மேல் படிக்கட்டு மாதிரி டிஜிட்டல். இந்தப் படம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம், ஏனென்றால் ஸ்பீக்கருக்குப் படிக்கட்டு போவதே இல்லை. புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே புள்ளிகளுக்குப் பத்துப் பேர் பத்துக் கோலம் போடலாம். ஆனால் ‘22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எந்த நெளிவும் கூடாது’ என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டால், அந்தப் புள்ளிகள் வழியாகப் போகக்கூடிய கோடு ஒன்றே ஒன்றுதான். சிடி பிளேயர் அந்தக் கோட்டைத்தான் போடுகிறது. நம் காது 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டாது, நாற்பது வயதுக்கு மேல் அதுவும் பழைய கதை.

எம்பி3 வேறு விஷயம். தவில் முழங்கும்போது பக்கத்தில் ஒருவர் வெற்றிலைப் பையைத் திறக்கிற ஓசை கேட்காது இல்லையா, கேட்காததை எதற்குச் சேமிக்க வேண்டும் என்பதுதான் அதன் யோசனை. சிடியில் விநாடிக்கு 1,411 கிலோபிட், 128 கிலோபிட் எம்பி3யில் அதில் பதினொன்றில் ஒரு பங்கு. அந்த அளவில் கைத்தட்டல் தண்ணீரில் நனைந்த மாதிரி கேட்பது உண்மை. அதை வைத்து டிஜிட்டல் மொத்தத்தையும் எடைபோடுவது அநியாயம்.

யாராவது வாதத்துக்கு வந்தால் நான் சொல்லும் சோதனை இது: ரெக்கார்டு ஓடும்போது அந்த ஒலியை அப்படியே கணினியில் சிடி தரத்தில் பதிவு செய்து போட்டுக்காட்டுங்கள். கதகதப்பு, பட்பட் சத்தம், எல்லாமே கூடவே வரும். இதை அமெரிக்காவில் தெரியாமலே பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனியின் விலையுயர்ந்த ரெக்கார்டுகள் மூல நாடாவிலிருந்து நேராக வெட்டப்பட்டவை என்று வாங்கியவர்கள் நம்பியிருந்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் பிரதி இருந்தது 2022இல் வெளிவந்தது. அதுவரை வருஷக்கணக்காக அவற்றைப் புகழ்ந்த தேர்ந்த காதுகள் எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படியானால் ரெக்கார்டில் சில பாட்டு நன்றாக இருக்கிறதே என்றால், இருக்கலாம்தான். 1990களிலிருந்து சிடிக்காகப் பாட்டை நசுக்கி, மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் வந்தது. அதே பாட்டின் பழைய ரெக்கார்டு அந்த நசுக்கலுக்கு முன்னால் வெட்டியது. நீங்கள் ரசிப்பது பெரும்பாலும் அதைச் செய்த பொறியாளரின் நிதானத்தை.

அதனால் நான் புதுப் பாட்டுக்கு ரெக்கார்டு வாங்குவதில்லை, கோப்பே போதும். பழையது கிடைத்தால் மட்டும் வாங்குகிறேன். கடையில் போட்டுக்காட்டச் சொன்னால் முதல் பாட்டைப் போடுவார்கள், அது எப்போதும் நன்றாகவே இருக்கும். முள்ளை லேபிளுக்குப் பக்கத்தில், கடைசிப் பாட்டில் வைக்கச் சொல்லுங்கள். நாலணா வேலை செய்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.