பழைய கடைக் கூட்டாளி

தாலுகா அலுவலகத்தில் பல வருடம் தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். ஜமாபந்தி சமயத்தில் ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஐம்பது பேர் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவருவார்கள். அதைப் பார்த்து எங்கள் மனம் இளகும் என்று நம்பிக்கை. நாலாவது நகலிலேயே எனக்கு எரிச்சல் வந்துவிடும், யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்று. அதே விஷயத்தைக் கூடப் படித்தவன் வீட்டுக்கு வந்து, காபி ஆறுவதற்குள் "அதைக் கொஞ்சம் பாத்துடேன்" என்றால், மறுநாள் காலை கோப்பு என் மேசையில் இருக்கும்.

சின்ன நாற்காலிக்கு மட்டும் வரும் வியாதி இல்லை இது. 1948இல் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கும் வந்தது. பாலஸ்தீனப் பிரச்சினையில் யூத நாட்டை ஆதரிக்கச் சொல்லி வெள்ளை மாளிகைக்குக் கடிதங்களும் தந்திகளும் லட்சத்துக்கும் மேல் குவிந்தன. அது தேர்தல் வருடம் வேறு. மனிதர் சலித்துப்போய், யூத நாட்டுக்காகப் பேசும் தலைவர்கள் யாரையும் பார்க்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். மூத்த தலைவர் வைஸ்மனுக்கும் அனுமதி இல்லை.

மார்ச் 13ஆம் தேதி எடி ஜேக்கப்சன் என்ற யூத நண்பர் வந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் ட்ரூமனோடு ராணுவ கேன்டீன் நடத்தியவர். பிறகு கான்சாஸ் சிட்டியில் இருவரும் கூட்டாக ஆண்கள் துணிக்கடை வைத்து நொடித்தும் போனார்கள். பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று வாசலிலேயே உதவியாளர் சொல்லியனுப்பினார். ஜேக்கப்சன் பேசினார். ட்ரூமன் கடுப்படித்தார். அறையில், ட்ரூமன் கொண்டாடிய பழைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் சிறிய சிலை ஒன்று இருந்தது. ஜேக்கப்சன் அதைக் காட்டி, "உனக்கு இவர் எப்படியோ, எனக்கு வைஸ்மன் அப்படி" என்ற அர்த்தத்தில் சொன்னாராம். ட்ரூமன் மேசையில் விரலால் தட்டினார், நாற்காலியைத் திருப்பிச் சன்னல் பக்கம் பார்த்தார், திரும்பி நண்பரைச் செல்லமாகத் திட்டிவிட்டுச் சம்மதித்தார். ஜேக்கப்சனே பின்னாளில் எழுதிவைத்தது இது.

18ஆம் தேதி வைஸ்மன் சத்தமில்லாமல் உள்ளே போய் வந்தார். மறுநாளே ஐ.நா.வில் அமெரிக்கத் தூதர், பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் திட்டத்திலிருந்து பின்வாங்கிப் பேச, முந்தின நாள்தான் வைஸ்மனுக்கு நம்பிக்கை கொடுத்திருந்த ட்ரூமன் கொதித்துப்போனார். மே 14 மாலை, இஸ்ரேல் பிறந்த 11ஆவது நிமிடம் அங்கீகாரம் கொடுத்தார். வெளியுறவு அமைச்சர் மார்ஷல் கடுமையாக எதிர்த்தும் அது நடந்தது. ஜேக்கப்சனால்தான் எல்லாம் என்று சொன்னால் அது மிகை. கதவைத் திறந்தவர் அவர், அவ்வளவுதான். ஆனால் சாத்திய கதவு யாருக்குத் திறக்கிறது என்பதில்தானே பாதி விஷயம் இருக்கிறது? அரபுத் தரப்பு நியாயத்தைச் சொல்ல வெளியுறவுத் துறையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னது குறிப்புகளாகவும் அறிக்கைகளாகவும் போனது. அவர்களில் யாரும் ட்ரூமனோடு சேர்ந்து கடை வைத்து நஷ்டப்பட்டதில்லை.

புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மேலதிகாரியின் போனைச் சமாளிக்க வழி இருக்கிறது. வாய்மொழி உத்தரவை நம்பிச் செயல்படக் கூடாது, எழுத்தில் பதிவாக வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நண்பனிடம் அது செல்லாது. அவன் உத்தரவே போடுவதில்லை. லஞ்சமும் இல்லை, மிரட்டலும் இல்லை. முடிவு நம்முடையது என்றே நமக்குத் தோன்றும்.

எனக்கு உறைத்தது ஒரு பட்டா மாறுதலில். நண்பனுடைய மைத்துனர் கோப்பை ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். ஆவணம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தப்பு ஒன்றும் இல்லை. மறுநாள் ஒரு அம்மா வந்தார். நான்கு மாதம் முன்பு கொடுத்த மனுவின் ரசீதை, கிழிந்துவிடுமே என்று லேமினேட் செய்து வைத்திருந்தார். "இன்னும் எத்தனை நாள் சார் ஆகும்?" என்று மட்டும் கேட்டார். சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எந்தக் கோப்புக்காக யார் பேசினார்கள், எங்கே, எனக்கு என்ன உறவு என்று எழுத ஆரம்பித்தேன். முதல் மாதத்தில் 17 பேர். அதில் 14 பேர் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள். நோட்டு விஷயம் வெளியே தெரிந்ததும் வருகை பாதியானது. அந்த நண்பன் மட்டும் இன்னும் கோபமாகவே இருக்கிறான்.