பக்மார்க்: சுவடா, தடமா?

முதுமலையிலோ டாப்சிலிப்பிலோ வனத்துறையினரோடு நடந்தவர்கள் ‘பக்மார்க்’ என்ற சொல்லைக் கேட்டிருக்கலாம். புலி, சிறுத்தை போன்ற பூனையினத்து விலங்கு மண்ணில் பதித்துப் போன காலடி அது. முழுக்க ஆங்கிலம் என்று நினைத்துவிடுகிறோம், பாதிதான். ‘பக்’ இந்திச் சொல். காலடி என்று பொருள். ஒற்றையடிப் பாதைக்கு இந்தியில் ‘பக்டண்டி’ என்று பெயர். வடமொழியின் ‘பத’ என்பதிலிருந்து வந்ததால், நம் ‘பாதம்’ இதற்குப் பங்காளி முறை. வடக்கே வேட்டைக்குப் போன வெள்ளைக்காரர்கள் உள்ளூர்ச் சொல்லை எடுத்துத் தங்கள் ‘மார்க்’கை ஒட்டிக்கொண்டார்கள். சப்பை மூக்கு பக் நாய்க்கும் இதற்கும் உறவில்லை.

காட்டில் முதலில் எழும் கேள்வி, பூனையா நாயா என்பதுதான். இரண்டுக்கும் நான்கு விரல்களே பதியும். (பூனைக்கு முன்னங்காலில் ஐந்தாவது விரல் உண்டு, தரையில் படாது.) பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாயின் நகமோ விரல் முனையில் புள்ளி வைத்ததுபோல் தெரியும். ஆனால் நகத்தை மட்டும் நம்பக் கூடாது. வழுக்கும் சேற்றில் புலியும் நகத்தை ஊன்றும். சிவிங்கிப்புலியால் (சீட்டா) நகத்தை முழுதாக மறைக்க முடியாது. அதனால் உள்ளங்கால் சதையைப் பார்க்க வேண்டும்: பூனைக்குப் பின்விளிம்பில் மூன்று மேடுகள். விரல்களும் ஒரே சீராக நிற்காமல் ஒன்று சற்று முந்தி நிற்கும். அதை வைத்தே வலக்காலா இடக்காலா என்று சொல்லிவிடலாம். புலியில் ஆணின் பின்னங்கால் பதிவு ஏறக்குறையச் சதுரமாகவும், பெண்ணுடையது சற்று நீண்டும் இருக்கும் என்பார்கள்.

இந்தப் பதிவை வைத்தே ஒரு காலத்தில் நாட்டின் புலிகளை எண்ணினார்கள். ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1966-இல் உருவாக்கிய முறை அது: கண்ணாடியை மேலே வைத்து வரைந்துகொள்வது, பாரிஸ் சாந்தில் அச்செடுப்பது. 1972-இல் 1,827 புலிகள் என்று வந்த கணக்கு இந்த முறையில்தான். ஒரே புலியின் கால் ஈரமண்ணில் ஒரு மாதிரியும் புழுதியில் வேறு மாதிரியும் பதியும் என்பது அதன் பலவீனம். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஏட்டில் புலிகள் இருக்க, காட்டில் ஒன்றுகூட இல்லை என்று 2005-இல் தெரிந்த பிறகு, எண்ணும் வேலை தானியங்கி கேமராக்களுக்குப் போனது.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்திகளில் கால்தடம், காலடித் தடம், கால் தடயம் எல்லாம் வருகின்றன. ‘தடயம்’ எனக்கு ஒப்பாது; எச்சமும், மரத்தில் நகம் கீறிய கோடும், உதிர்ந்த முடியும்கூடத் தடயம்தான். ‘தடம்’ என்பதில் வழி என்ற பொருள் ஓங்கியிருக்கிறது: வழித்தடம், தடம் புரண்டது, தடம் மாறினான். பதிந்த குறிக்கு நாம் இயல்பாகச் சொல்வது சுவடு. ‘வந்த சுவடு தெரியாமல் போய்விட்டான்’ என்கிறோமே! ஆகவே தனிப் பதிவுக்கு அடிச்சுவடு. பல சுவடுகள் கோத்துச் செல்லும் வரிசைக்குத் தடம். காட்டுப்பூனையை ‘வெருகு’ என்று அழைத்து, அதன் குட்டியின் கூரிய பல்லை முல்லை அரும்புக்கு உவமையாக்கிய புறநானூறு இருக்கும் மொழியில், அதன் காலடிக்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

எழுதிப் பார்த்தால்: ‘ஓடைக்கரையில் சிறுத்தையின் அடிச்சுவடு ஒன்று கிடைத்தது, தடம் தேயிலைத் தோட்டத்துக்குள் போகிறது.’