நவம்பரின் மூன்றாவது வியாழக்கிழமை: பொஜோலே நூவோவுக்கு இத்தனை ஆரவாரம் தகுமா?

பிரான்ஸின் பொஜோலே பகுதியில் அந்த ஆண்டு அறுவடையிலிருந்து செய்து, நவம்பரிலேயே விற்பனைக்கு வரும் புது ஒயின்தான் பொஜோலே நூவோ. அது நல்ல ஒயினா என்று கேட்டால், செய்தவர் யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதைச் சுற்றி நடக்கும் ஆரவாரம் தகுமா என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், தகாது. இவை வேறு வேறு கேள்விகள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வொரு நவம்பரிலும் சிலர் விளம்பரத்தை நம்பி ஏமாறுகிறார்கள்; வேறு சிலர், ஒயின் தெரிந்தவர்கள் என்று காட்டிக்கொள்வதற்காக, வாயில் வைக்காமலே முகத்தைச் சுளிக்கிறார்கள். பாரிஸில் ஒரு ஒயின் கடையில் நின்று, வருபவர்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் தொழில். இரண்டு வகையினரையும் ஒரே நாளில் பார்த்துவிடுவேன்.

லியோன் நகருக்கு வடக்கே, சோன் ஆற்றுக்கு மேற்கே உள்ள குன்றுப் பகுதிதான் பொஜோலே. அங்கே சிவப்பு ஒயினுக்குக் கமே என்ற திராட்சை. தோல் மெல்லியது, துவர்ப்புக் குறைவு, காய்ப்பு அதிகம். இந்த அதிகக் காய்ப்பே ஒரு காலத்தில் அதற்கு வினையாக முடிந்தது. 1395இல் பர்கண்டி கோமகன் பிலிப், தன் நிலத்தில் உயர்ரகமான பினோ நுவார் திராட்சையின் இடத்தைக் கமே பிடித்துக்கொள்வதைப் பொறுக்காமல், 'மகா கெட்ட, நம்பிக்கைத் துரோகச் செடி' என்று ஏசி, பிடுங்கி எறிய ஆணையிட்டார். தெற்கே பொஜோலேயின் கருங்கல் மண்ணில் அது தப்பிப் பிழைத்தது. செடிக்கு அந்த மண் பிடித்திருந்தது. கோமகனுக்குப் பிடிக்காததால் செடிக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

பொஜோலே என்றாலே நூவோ என்று நினைக்கிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். பொஜோலே, பொஜோலே வில்லாஜ் என்ற இரண்டு பெயர்களின் கீழ் வரும் ஒயினை மட்டுமே நூவோ என்று விற்கலாம். மோர்கோன், ஃப்ளூரி, மூலான் அ வோன், ஜூலியேனா, ப்ரூயி உள்ளிட்ட 10 தனிப்பெயர்ப் பகுதிகளுக்கு அந்த உரிமை கிடையாது. தொழிலில் இவற்றைக் 'க்ரூ' என்போம். திராட்சை அதே கமேதான். ஆனால் இவை குளிர்காலத்தைத் தொட்டியிலோ மரப்பீப்பாயிலோ கழித்துவிட்டுத்தான் கடைக்கு வரும்.

தேதிக்கு வருவோம். அறுவடை முடிந்த கையோடு புது ஒயினை லியோனின் உணவகங்களுக்கு இறக்குவது அந்தப் பகுதியின் பழைய வழக்கம். 1951இல் அதற்கு அரசின் அனுமதி முறைப்படி கிடைத்தது. பிறகு நவம்பர் 15 என்று நாள் குறித்தார்கள். 1985 முதல் அது நவம்பரின் மூன்றாவது வியாழக்கிழமை ஆனது. வியாழக்கிழமை திறந்தால் வார இறுதி முழுவதும் விற்பனைக்குக் கிடைக்கும், அவ்வளவுதான் கணக்கு. 'பொஜோலே நூவோ வந்துவிட்டது' என்ற ஒற்றை வரியை உலகெங்கும் கொண்டுபோனதில் ஜோர்ஜ் டுபோஃப் என்ற வணிகருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் 2020இல் மறைந்தார். லண்டனுக்கு யார் முதலில் புட்டியைக் கொண்டுவருவது என்று கார்ப் பந்தயம் நடந்தது. ஜப்பானில், நேர வித்தியாசத்தால், பிரான்ஸுக்கு 8 மணி நேரம் முன்பே மூடி திறக்கப்படுகிறது. ஹகோனேயில் வெந்நீர்க் குளத்தில் ஒயினை ஊற்றிக் குளிக்கவே செய்கிறார்கள். இந்த ஆட்டபாட்டங்கள் எதிலும் புட்டிக்குள் இருப்பதைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

புட்டிக்குள் இருப்பது சுவாரஸ்யமானதுதான். வழக்கமான சிவப்பு ஒயினுக்குத் திராட்சையைக் காம்பு நீக்கி நசுக்கி, சாறும் தோலும் சேர்ந்து வாரக்கணக்கில் ஊறும்படி விடுவார்கள். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்கும். பொஜோலேயில் குலையை முழுசாகவே தொட்டிக்குள் போடுகிறார்கள். அடியில் இருப்பவை மேலே உள்ள பாரத்தில் நசுங்கிப் புளிக்கத் தொடங்கும். அதிலிருந்து எழும் கரியமில வாயு தொட்டியை நிரப்பிப் பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும். காற்றில்லாத அந்த இடத்தில், நசுங்காத ஒவ்வொரு பழமும் தனக்குள்ளேயே, ஈஸ்டின் உதவி இல்லாமல், தன் நொதிகளைக் கொண்டே சர்க்கரையைக் கொஞ்சம் சாராயமாக, அதாவது ஆல்கஹாலாக, மாற்றுகிறது. பழத்துக்குள் சாராயம் சுமார் 2 சதவீதம் எட்டியதும் பழம் தளர்ந்து வெடிக்கும். மிச்ச வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

நான்காம் நாள் தொட்டியிலிருந்து ஒரு குலையை எடுத்துப் பார்த்தால் பறித்த அன்று இருந்ததுபோலவே இருக்கும். ஒரு பழத்தை வாயில் போட்டுக் கடித்தால்தான் விஷயம் தெரியும்: சோடாபோல நாக்கில் சுர்ரென்று ஏறும், உள்ளே சதை இளஞ்சிவப்பாக மாறியிருக்கும், லேசாகச் சாராய வாசம் அடிக்கும். தோலில் உள்ள துவர்ப்பு இந்தச் சில நாட்களில் பெரிதாக இறங்குவதில்லை. ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி போன்ற மணங்கள் மட்டும் தூக்கலாக வந்துவிடும். நூவோவுக்கு நான்கைந்து நாள் இப்படி ஊறினால் போதும். க்ரூவுக்கு இரண்டு வாரமும் அதற்கு மேலும் விடுவார்கள்.

அப்படியானால் அந்தப் புகழ்பெற்ற வாழைப்பழ வாசம் எங்கிருந்து வந்தது? அது கமே திராட்சையின் இயல்பு என்று பலர் நம்புகிறார்கள். உண்மை வேறு. ஐசோஅமைல் அசிட்டேட் என்ற வேதிப்பொருள்தான் அந்த வாசம். புளிக்கும்போது ஈஸ்ட் அதை உண்டாக்குகிறது. 71பி என்று எண்ணிட்ட ஒரு ஈஸ்ட் வகை அதைத் தாராளமாகத் தரும். 1980களில் தொழிற்சாலை அளவில் செய்தவர்களுக்கு அது வசதியாகிவிட்டது. எந்த மலையில் விளைந்தாலும், எவர் பயிரிட்டாலும், எல்லாப் புட்டியும் ஒரே மிட்டாய் வாசம். அந்த ஒரே வாசத்தைத்தான் ஒரு தலைமுறை நூவோ என்று புரிந்துகொண்டது. அதற்காகவே பிறகு அதை வெறுக்கவும் செய்தது.

வெறுப்பின் உச்சம் 2001 அறுவடைக்குப் பிறகு வந்தது. தேங்கிக் கிடந்த பொஜோலேயில் பத்து லட்சம் பெட்டிகளுக்கும் மேல் அழிக்கவோ சாராயமாகக் காய்ச்சவோ வேண்டியதாயிற்று. அதில் பெரும்பகுதி நூவோ. லியோனின் ஒரு பத்திரிகையில் ஒரு விமர்சகர் பொஜோலே ஒயினை இங்கே அச்சிட முடியாத ஒரு சொல்லால் திட்ட, கூட்டுறவுச் சங்கங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. திட்டியது அதிகம், ஆனால் வழக்குப் போட்டதால் ஒயின் சுவையாகிவிடவில்லை.

ஆரவாரத்தைக் குறை சொல்பவர்கள் மறந்துவிடுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. ஒயின் விவசாயத்தில் செலவு முன்னே, வரவு வெகு பின்னே. நூவோ மட்டும்தான் அறுவடை முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கையில் காசைக் கொடுக்கிறது. பறித்தவர்களின் கூலி, புட்டிக்கான கடன் எல்லாம் அதில்தான் அடைகின்றன. சிறு விவசாயி ஒருவர் நூவோ செய்தால் அது தரக்குறைவுக்குச் சான்று ஆகாது. மோர்கோனில் இயற்கை ஒயின் இயக்கத்துக்கு வழிகாட்டியாக நின்ற மார்செல் லாபியேரே நூவோ செய்தவர்தான். ஜூல் ஷோவே என்ற வேதியியலாளர் காட்டிய வழியில், விற்பனை ஈஸ்ட் இல்லாமல், ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகத்தை ஒதுக்கியோ சொற்பமாகச் சேர்த்தோ, பழத்தை மட்டும் நம்பிச் செய்யும் முறை அங்கே வேரூன்றியது. அந்த வழியில் வந்தவர்களின் நூவோவில் வாழைப்பழம் இருக்காது. செர்ரி இருக்கும், மிளகின் காரம் கொஞ்சம் இருக்கும், கருங்கல் மண்ணின் கூர்மை இருக்கும்.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. செப்டம்பர் நடுவில் பறித்த காலத்தில் நவம்பருக்குள் எல்லாவற்றையும் முடிக்க ஓட வேண்டியிருந்தது. வெயில் கூடிவிட்ட இந்த ஆண்டுகளில் பல தோட்டங்களில் ஆகஸ்ட் கடைசியிலேயே கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறார்கள். ஒயினுக்குக் கூடுதலாகச் சில வாரம் கிடைக்கிறது, பழமும் நன்றாகப் பழுத்து வருகிறது. பழம் பழுக்காத ஆண்டுகளில் முன்பெல்லாம் சாற்றில் சர்க்கரை கொட்டிச் சாராய அளவை ஏற்றினார்கள். இப்போது அதற்குத் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்றைய நல்ல நூவோ, 1990களில் குடித்துவிட்டு ஒதுக்கியவர்களின் நினைவில் உள்ள நூவோவைவிட எவ்வளவோ மேல்.

பொங்கலுக்குப் புது அரிசி போடுகிறோம். அதற்காகப் பழைய அரிசிச் சோற்றின் பக்குவத்தைப் புது அரிசியில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நூவோவையும் அந்த மனநிலையோடு அணுகினால் ஏமாற்றம் இருக்காது. ஆழம், விழுங்கிய பின்னும் நாக்கில் நிற்கும் சுவை, அடுக்கடுக்கான மணம் என்று தேடினால் கிடைக்காது.

கடைக்கு வந்தால் என்ன பார்ப்பது? வண்ணம் கொட்டிய லேபிள், பூ, பலூன், 'வந்துவிட்டது' என்ற கூவல் ஆகியவற்றைத் தாண்டிச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். ஒரு விவசாயியின் பெயரும் ஊரும் இருக்கிறதா, தோட்டத்திலேயே புட்டியில் அடைத்தது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பொஜோலே என்று மட்டும் இருப்பதைவிட பொஜோலே வில்லாஜ் என்றிருப்பது பெரும்பாலும் ஒரு படி மேல். பிரான்ஸில் பேரங்காடியில் 5 யூரோவை ஒட்டிக் கிடைக்கும் நூவோவும், சிறு விவசாயியின் 10 முதல் 14 யூரோ நூவோவும் பெயரில்தான் ஒன்று. ஆனால் விமானத்தில் ஏற்றி, அன்றே திறக்க வேண்டும் என்று கடல் கடந்து அனுப்பப்படும் புட்டிக்கு இரு மடங்கு கொடுப்பதை என்னால் நியாயப்படுத்த முடியாது. அந்த விலையில் பாதி விமானத்துக்கு, கால்வாசி தேதிக்கு. அதே காசில் நல்ல ஃப்ளூரி ஒன்று வாங்கலாம், அதுவும் எந்த மாதத்திலும்.

எங்கள் கடையில் அந்த வியாழக்கிழமை மாலையில் நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. 'புது ஒயின்தானே, லேசாகத்தான் இருக்கும்' என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது கிண்ணத்தை நீட்டுவார்கள். லேசாக இருப்பது வாய்க்குத்தான். சாராய அளவு மற்ற சிவப்பு ஒயின்களைப்போல 12 முதல் 13 சதவீதம் வரை இருக்கும். துவர்ப்பு இல்லை, குளிரவைத்துக் கொடுக்கிறார்கள், பழச்சாறுபோல இறங்குகிறது. அதனால் தடை போட எதுவும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 75 சென்டிலிட்டர் புட்டி ஒன்றில், 12.5 சதவீதத்தில், சுமார் 74 கிராம் தூய சாராயம். பிரான்ஸில் 10 கிராமை ஓர் அளவு என்று எடுக்கிறார்கள். ஒரு புட்டியில் ஏழுக்கும் மேல். இங்கே பொதுச் சுகாதார அறிவுரை நாளுக்கு இரண்டைத் தாண்டாதே, வாரத்துக்குப் பத்தைத் தாண்டாதே, சில நாட்கள் தொடாமலே இரு என்பது. இருவர் ஒரு புட்டியைப் பகிர்ந்துகொண்டாலே அன்றைய வரம்பு கடந்துவிட்டது. ஓட்டுநருக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2. கருவுற்றிருப்பவர்களுக்கு எந்த ஒயினும் வேண்டாம், நூவோவும் வேண்டாம். நூவோ தலைவலி தரும் என்று புகார் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை கிண்ணம், வயிற்றில் என்ன இருந்தது என்பதைத்தான்.

சாப்பாட்டுடன் குடிக்க வேண்டிய ஒயின் இது. லியோனில் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொத்திறைச்சியும் ரொட்டியும் துணை. பாரிஸில் இருக்கும் நம் வீடுகளில் இதற்கு ஒரு தனி அனுகூலம் உண்டு. போர்தோ போன்ற துவர்ப்பு மிகுந்த ஒயினைக் காரக் குழம்புடன் வைத்தால் காரம் எரிச்சலாகவும் ஒயின் கசப்பாகவும் மாறிவிடும். துவர்ப்பில்லாத நூவோ, 12 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருந்தால், மிளகுக் கோழியோடு சண்டை போடாது. ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் போதும்.

சேமித்து வைக்கலாமா என்ற கேள்வி ஜனவரியில் வரும், பெரும்பாலும் தள்ளுபடிப் பெட்டி முன்னால் நின்றுகொண்டு. கவனமாகச் செய்த வில்லாஜ் நூவோ அப்போது நவம்பரைவிட அமைதியாக, இன்னும் நன்றாகவே இருக்கலாம். தள்ளுபடி விலையில் அதை எடுப்பவர்தான் கெட்டிக்காரர். ஈஸ்டர் வரை தாங்கும், கோடைக்குள் பழவாசம் போய்விடும். அடுத்த ஆண்டு ஊரில் நடக்கும் கல்யாணத்துக்கு என்று நூவோ எடுத்துவைப்பவர்களை நான் தடுத்துவிடுவேன். இந்தியாவுக்கு வரியின்றி எடுத்துப் போக முடிவதே 2 லிட்டர், அதாவது இரண்டு புட்டி. அந்த இடத்தை மூலான் அ வோனுக்குக் கொடுங்கள். நல்ல ஆண்டில் விளைந்தது பத்து வருடம்கூடத் தாங்கும். நூவோவை வாங்கிய வாரத்திலேயே திறந்துவிடுங்கள்.