மீநாயகர் கூட்டுப்படம்

சூப்பர் ஹீரோக்கள் பலர் ஒன்றாக வரும் படத்தை இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இளசுகள் ‘டீம்-அப் படம்’ என்பார்கள். சிலர் அதையே ‘மல்டி ஸ்டாரர்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. மல்டி ஸ்டாரர் நடிகர்களைப் பார்த்துச் சொல்வது: பெரிய நட்சத்திரங்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடித்தாலே போதும். டீம்-அப் பாத்திரங்களைப் பார்த்துச் சொல்வது. தனக்கென்று கதையும் எதிரியும் ரசிகர்களும் ஏற்கெனவே உள்ள பாத்திரங்கள் ஒரே கதைக்குள் வந்து சேர வேண்டும்.

‘சூப்பர்’ லத்தீன் சொல். மேலே, மேலான என்று பொருள். ‘ஹீரோ’ கிரேக்கத்தின் ‘ஹேரோஸ்’ என்பதிலிருந்து வந்தது. கிரேக்கர்கள் அந்தப் பெயரால் அழைத்தவர்களில், செத்த பிறகு சமாதியில் படையல் வாங்கிய வீரர்களும் உண்டு. ஆகவே அந்தப் பழைய ‘ஹீரோ’வுக்கு நம் தோட்டக் கோயிலில் நிற்கும் மதுரைவீரன் மிக நெருக்கமானவர், சினிமாக் கதாநாயகன் தூரத்து உறவுதான். இரண்டும் சேர்ந்த ‘சூப்பர் ஹீரோ’ என்ற சொல் 1938இல் சூப்பர்மேன் சித்திரக்கதை வருவதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. இன்றைய பொருளில் அதை ஊன்றவைத்தது அந்தக் கதைதான்.

தமிழில் இதற்கு ‘மீநாயகர்’ என்பதே பொருந்தும். ‘மீ’ என்றால் மேல். ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்று குறள் சொல்வதும், மீயொலி, மீத்திறன் என்று அறிவியல் தமிழ் சொல்வதும் இதே ‘மீ’தான். ‘அதிநாயகன்’ என்றும் எழுதுகிறார்கள். அதில் ‘அளவுக்கு மீறிய’ என்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. மீநாயகரில் ஒரு சிக்கல் உண்டு: வேகமாகச் சொன்னால் ‘மீன் நாயகர்’ என்று காதில் விழும். வாசிப்பவர் ‘மீ’யை நன்றாக நீட்டிச் சொன்னால் போதும். க, ச, த, ப தொடங்கும் சொல் பின்னால் வந்தால் ஒற்று மிகும்: மீத்திறன், மீக்கணினி. நாயகரில் மிகாது, ‘மீந்நாயகர்’ பிழை.

‘டீம்-அப்’புக்குக் ‘கூட்டணி’ என்று எழுதினால் நம் பக்கத்தில் தேர்தல்தான் ஞாபகம் வரும். ‘கூட்டு’ நல்ல சொல். தோட்டத் தொழிலாளரின் சம்பளக் கூட்டு ஒப்பந்தம் பேசிப் பேசி மலையகத்தில் எல்லாருக்கும் பழகிய சொல்லும்கூட. அவரவர் தன் பெயரை விடாமல் ஒரு காரியத்துக்காகச் சேர்வது என்ற பொருள் அதில் முழுதாக இருக்கிறது. எனவே, மீநாயகர் கூட்டுப்படம்.

இந்தக் கூட்டு முதலில் காகிதத்தில்தான் நடந்தது. 1940ஆம் ஆண்டின் குளிர்கால இதழாக வந்த ‘ஆல் ஸ்டார் கொமிக்ஸ்’ மூன்றாம் இதழில் மீநாயகர் அணி ஒன்று முதன்முதலாகக் கூடியது. ‘அவெஞ்சர்ஸ்’ அணி 1963 செப்டெம்பர் இதழில் வந்தது. அதைப் படைத்தவர்கள் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும். திரைக்கு வந்தது 2012இல். அதற்கு முன்பு, 2008 முதல் 2011 வரை, அயர்ன் மேன், ஹல்க், தோர், கெப்டன் அமெரிக்கா ஆகியோரின் தனிக்கதைகளாக ஐந்து படங்கள் வந்து முடிந்திருந்தன.

அந்த ஐந்து படங்கள் செய்த வேலை கூத்தில் ‘வரவு’ செய்யும் வேலை. பொன்னர் சங்கராகட்டும், அருச்சுனன் தபசாகட்டும், பாத்திரம் களத்துக்கு வரும்போதே தான் யார் என்று பாடி ஆடிக் காட்டிவிடும். பிறகு சண்டையில் யாரும் ‘இவர் யார்?’ என்று கேட்கமாட்டார்கள். கூட்டுப்படத்தின் சுவை இந்த அறிமுகத்தில்தான் தங்கியிருக்கிறது. 2017இல் வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ சறுக்கியதற்கு இது ஒரு பெரிய காரணம். அக்வாமேன், ஃபிளாஷ், சைபோர்க் மூவருக்கும் அதற்கு முன் தனிப்படம் இல்லை. இரண்டு மணிநேரத்துக்குள் அவர்களை அறிமுகம் செய்யவும் வேண்டும், சண்டைக்கு அனுப்பவும் வேண்டும், இரண்டுமே அரைகுறையாயின.

2012 படத்தின் நியூயோர்க் சண்டையில் வெட்டே தெரியாமல் ஓடும் ஒரு காட்சி உண்டு. எதிரியின் பறக்கும் வண்டியில் தொற்றிப் போகும் பிளெக் விடோவிடம் தொடங்கும் கெமரா, அயர்ன் மேனோடு கீழே இறங்குகிறது. அவர் கெப்டனின் கேடயத்தில் ஒளிக்கதிரைப் பாய்ச்ச, அது தெறித்துச் சுற்றியுள்ள எதிரிகளை வீழ்த்துகிறது. மேலே ஏறினால் கூரையில் ஹோக்ஐ. அவர் விட்ட அம்போடு போனால் ராட்சத விலங்கின் முதுகில் ஹல்க்கும் தோரும். அது விழுந்து அடங்கியதும், பக்கத்தில் நின்ற தோரை ஹல்க் ஒரே குத்தில் தள்ளிவிடுகிறார். தியேட்டர் சிரித்து அடங்க நேரமாகும். ஆறு பேருடைய ஆற்றலும் ஒன்றோடொன்று கோத்து வருகிறது. அதோடு ஹல்க், தோர் இருவரும் படத்தில் முன்பு போட்ட சண்டையும் மறக்கப்படவில்லை. கூட்டுப்படத்தில் பார்க்க வேண்டியது இப்படிக் கோத்து வருவதைத்தான். ஆளுக்கு ஒரு மூலையில் தனித்தனியாக அடித்துக்கொண்டிருந்தால் அது கூட்டு ஆகாது.

இவ்வகைப் படங்களோடு ஒட்டி வரும் இன்னொரு சொல் ‘பிளொக்பஸ்டர்’. தியேட்டர் வரிசை தெருவைச் சுற்றி நீண்டதால் வந்த பெயர் என்று சொல்வது பிற்காலத்தில் கட்டிய கதை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்ட 4,000 இறாத்தல் குண்டுகளுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. ‘பிளொக்’ நாலு பக்கமும் தெரு சூழ்ந்த கட்டடத் தொகுதி. ‘பஸ்டர்’ அதைத் தகர்ப்பது. போர் முடியுமுன்பே ஹொலிவூட் விளம்பரங்கள் இச்சொல்லைப் படங்களுக்கு எடுத்துக்கொண்டன.

தமிழில் இதை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். ஓடி முடித்து வசூலை அள்ளியது ‘பெருவசூல் படம்’. வெளியாகுமுன்பே சுவரொட்டியில் ‘பிளொக்பஸ்டர்’ என்று போட்டிருந்தால் அது ‘பெருஞ்செலவுப் படம்’ மட்டுமே. 2012 படத்துக்குச் செலவு ஏறத்தாழ 220 மில்லியன் டொலர், வசூல் 1.5 பில்லியனுக்கு மேல். அதற்கு இரண்டு பெயரும் பொருந்தும். ‘வெள்ளிவிழாப் படம்’ வேறு கணக்கு: அது 25 வாரம் ஓடியதைச் சொல்வது, வசூலைச் சொல்வதல்ல.