கைபேசியைக் கீழே வைக்க விடாமல் செய்வது எது?

நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. தொலைக்காட்சித் தொடருக்குத் ‘தொடரும்’ என்ற அட்டை உண்டு. அந்த இடம் வந்ததும் மனம் ஒரு கணம் நின்று, போதுமா, இன்னும் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளும். சமூக ஊடகச் செயலிகளில் அந்த இடத்தைத் திட்டமிட்டே எடுத்துவிட்டார்கள். 2006இல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லா ஸ்க்ரோல் முறையில், பக்கத்தின் அடியை விரல் தொடுவதற்குள் அடுத்த பகுதி வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குகிறது. ‘ஐந்தே நிமிடம்’ என்று கைபேசியை எடுத்த பிள்ளை ஒரு மணி நேரம் கழித்துத் தலை நிமிர்வதற்கு முதல் காரணம் இதுதான். சோம்பேறித்தனமோ ஒழுக்கக் குறைவோ அல்ல. ஆகவே திரைப் பழக்கத்தைச் சீராக்குவது என்றால், காணாமல்போன அந்த நிறுத்தங்களைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதுதான். மன உறுதியை மட்டும் நம்பி இறங்கினால் பெரும்பாலும் தோல்விதான் மிஞ்சும்.

இரண்டாவது காரணம் மூளைக்குள் இருக்கிறது. டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளிடம் நடத்திய சோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் வேகமாகத் துடித்தன. சாறு வரப்போவதை ஒரு சமிக்ஞை முன்கூட்டியே அறிவிக்கத் தொடங்கியதும், துடிப்பு சாற்றை விட்டுச் சமிக்ஞைக்கு இடம் மாறியது. சமிக்ஞை வந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. அதாவது டோபமைன் முக்கியமாகக் கணக்கிடுவது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. கைபேசியில் எழும் ‘டிங்’ ஒலியும் சிவப்புப் புள்ளியும் அந்தச் சமிக்ஞையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. திறந்து பார்த்தால் சில முறை நண்பரின் செய்தி, பல முறை வெறும் விளம்பரம். பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் ஒரு செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்வோம். உளவியலாளர்கள் பி. எஃப். ஸ்கின்னரும் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் 1957இலேயே விலங்குச் சோதனைகளைக் கொண்டு இதை விரிவாகப் பதிவு செய்திருந்தார்கள்.

பதின்பருவத்தில் இதன் பிடி இன்னும் இறுகும். பரிசுக்குத் துள்ளும் மூளைப் பகுதிகள் அந்த வயதில் முழு வேகத்தில் இருக்க, ‘பொறு, யோசி’ என்று தடுக்கும் முன்மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பதின்பருவத்தினரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துப் படங்களைக் காட்டினார்கள். தங்கள் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைக் கண்டபோது, பரிசை உணரும் பகுதி கூடுதலாக இயங்கியது. பிறர் படங்களிலும், ஏற்கெனவே அதிக லைக் பெற்றிருந்தவற்றுக்கே அவர்களும் லைக் போட்டார்கள். சக வயதினரின் ஏற்பு அந்த வயதில் எவ்வளவு பெரிய பரிசு என்பதை இது காட்டுகிறது.

இவ்வளவு இருந்தும், ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?’ என்பதை முதல் கேள்வியாக வைப்பது சரியல்ல. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவாகச் சொன்னது. பதின்பருவத்துக்கு அப்படி உறுதியான எண் எதுவும் இல்லை. நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற சிக்கல்கள் நேரும் அபாயம் இரு மடங்கு என்று அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரான ‘சர்ஜன் ஜெனரலின்’ 2023ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிட்டது. ஆனால் ஆய்வாளர்கள் ஏமி ஓர்பெனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பதின்பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, மனநலத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புடைய பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். இரண்டுமே தொடர்பைச் சொல்கின்றனவே தவிர, எது காரணம், எது விளைவு என்பதைத் தீர்மானிக்கவில்லை. மனம் சோர்ந்த பிள்ளை கைபேசிக்குள் ஒளிந்துகொள்வதும் நடக்கக்கூடியதுதான். அதனால், திரை எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று கேட்பதே பயனுள்ளது. தூக்கமா, விளையாட்டா, நேரில் பேசும் நேரமா?

முதலில் பறிபோவது தூக்கம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவமடையும்போது உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போவதால், இரவு பத்து மணிக்கு அவர்களுக்குத் தூக்கம் வராததில் வியப்பில்லை. ஆனால் பள்ளி காலையில் அதே நேரத்துக்குத்தான் தொடங்குகிறது. நடுவில் கைபேசி நுழைந்தால் எஞ்சிய நேரமும் சுருங்கும். இங்கே பழியெல்லாம் திரையிலிருந்து வரும் நீல ஒளியின் மேல் போடப்படுகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் சுமார் 4 மணி நேரம் ஒளிரும் திரையில் புத்தகம் படித்தவர்களுக்கு, தூங்கும் நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. ஆனால் தூக்கம் பிடிக்கத் தாமதமானது ஏறத்தாழ 10 நிமிடம் மட்டுமே. ஒரு ரீல் இன்னொன்றை இழுத்து வந்து விழித்திருக்க வைக்கும் நேரம் இதைவிடப் பல மடங்கு. திரையை மஞ்சளாக்கும் இரவு முறையைப் போட்டுவிட்டு நிம்மதி அடைபவர்கள் சின்ன ஓட்டையை அடைத்துவிட்டுப் பெரிய ஓட்டையைத் திறந்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே ஒரே ஒரு மாற்றம்தான் முடியும் என்றால், கைபேசி இரவில் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே போய்விட வேண்டும். இந்த ஏற்பாடு மூன்று இடங்களில் உடைகிறது. ‘அலாரத்துக்கு வேண்டும்’ என்பது முதலாவது. தனியாக ஓர் அலாரக் கடிகாரம் வாங்கி வைத்தால் அந்தக் காரணம் தீர்ந்தது. பாடக் குழுவில் இரவு வரும் செய்திகள் இரண்டாவது. அவற்றைப் பார்த்து முடிக்க மாலையில் ஒரு நேரத்தைப் பிள்ளையோடு பேசி ஒதுக்குங்கள். மூன்றாவதுதான் மிகக் கடினம்: பெற்றோரின் கைபேசியும் அதே சார்ஜ் இடத்துக்கு வரவேண்டும். பெரியவர்களுக்கு விலக்கு என்றால் அந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

அடுத்து அளவீடு. ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’, ஆண்ட்ராய்டில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பகுதியை ஒரு வாரம் எந்த மாற்றமும் செய்யாமல் கவனியுங்கள். மொத்த மணி நேரத்தில் வீட்டுப்பாடம், வீடியோ அழைப்பு, வழிகாட்டும் வரைபடம் எல்லாம் சேர்ந்துவிடும். அந்த எண்ணை வைத்துச் சண்டை போடுவதில் பொருளில்லை. எந்தெந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம், நாளுக்கு எத்தனை முறை கைபேசியைத் திறந்தார்கள், எத்தனை அறிவிப்புகள் வந்தன, இரவு எத்தனை மணிக்குக் கடைசியாகப் பார்த்தார்கள் என்ற நான்கு விவரம் போதும். இவற்றைப் பிள்ளையே படித்துச் சொல்லட்டும்.

அறிவிப்புகளில் கை வைக்கும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்துவிடத் தோன்றும். 2019இல் வெளியான ஒரு சோதனையில், அறிவிப்புகளை நாளுக்கு மூன்று முறை தொகுப்பாகப் பெற்றவர்களின் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. அடியோடு நிறுத்தியவர்களுக்கோ, ‘எதையோ தவற விடுகிறோம்’ என்ற பதற்றம் கூடியது. எனவே மனிதர் நேரடியாக அனுப்பும் அழைப்பும் தனிச் செய்தியும் உடனே வரட்டும். ‘இவர் லைவில் இருக்கிறார்’, ‘உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை’ போன்று செயலி தானாக அனுப்புபவற்றை முழுவதும் அணையுங்கள். குழுச் செய்திகளின் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டு, நாளில் இரண்டு மூன்று முறை திறந்து பார்த்தால் போதும். ஐபோனில் அறிவிப்புகளைத் தொகுத்துக் குறித்த நேரத்தில் தரும் வசதி ஐஓஎஸ் 15 முதல் இருக்கிறது.

செயலிக்கு நேர வரம்பு வைப்பது பலரும் முயன்று கைவிடும் வழி. வரம்பு தீர்ந்ததும் ‘இன்று மட்டும் விட்டுவிடு’ என்ற பொத்தானும் கூடவே வருகிறது. இரண்டாம் நாள் விரல் அதைப் பார்க்காமலேயே அழுத்தும். கடவுச்சொல்லை இன்னொருவர் வைத்திருந்தால்தான் இது வேலை செய்யும். அதைவிடப் பலனளிப்பது, செயலியைத் திறப்பதையே சற்றுச் சிரமமாக்குவது: முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிடுதல், ஒவ்வொரு முறையும் வெளியேறிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தல், தானாக ஓடும் வீடியோ வசதியை அணைத்தல், திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுதல். யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை நிறுத்தி அழித்துவிட்டால் முகப்பில் பரிந்துரைகளே வராது. தேடித்தான் பார்க்க வேண்டும். தேடல் ஒரு நல்ல நிறுத்தம். பரிந்துரைகளைப் பற்றி இன்னொன்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். எரிச்சலோடு பார்த்தாலும் இயந்திரத்தின் கணக்கில் அது ‘பார்த்தது’தான். திட்டிக் கருத்து போட்டால் இன்னும் நிறைய வரும். பிடிக்காததைச் சட்டென்று தாண்டிப் போவதும், ‘ஆர்வமில்லை’ என்பதை அழுத்துவதும்தான் வழி.

இதையெல்லாம் யார் சொல்லி யார் செய்வது? 2016இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே உதவுகிறது. எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ‘சத்தான உணவு உடலுக்கு நல்லது’ என்று சொன்னதைவிட, உணவு நிறுவனங்கள் தங்களை எப்படித் தந்திரமாக ஏமாற்றுகின்றன என்று காட்டியபோது அவர்கள் அதிகமாக நல்ல உணவைத் தேர்ந்தார்கள். தன் முடிவு தன் கையில் இருக்க வேண்டும் என்ற வேட்கை அந்த வயதில் கொழுந்துவிட்டு எரியும். அதை எதிர்க்காமல் துணைக்கு அழைப்பதே புத்திசாலித்தனம். ஸ்க்ரோலுக்கு ஏன் முடிவில்லை, சிவப்புப் புள்ளி ஏன் சிவப்பு என்று சேர்ந்து அலசுங்கள். பிறகு விதியை அவர்களே எழுதட்டும். ‘குறைவாகப் பார்ப்பேன்’ என்பது நிற்காது. ‘பள்ளிவிட்டு வந்ததும் முதலில் அரை மணி நேரம் வெளியே போவேன், பிறகுதான் கைபேசி’ என்று இடமும் நேரமும் குறித்த திட்டம் நிற்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் வரவில்லை. முதல் வாரத்திலேயே ‘இது சரிப்படாது’ என்று கைவிட வேண்டியதில்லை.

கைபேசியைத் தண்டனையாகப் பிடுங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், குறிப்பாக இணையத்தில் யாராவது மிரட்டும்போது. சொன்னால் கைபேசி போய்விடும் என்று தெரிந்த பிள்ளை சொல்லாது. அப்படி ஒன்று நடந்தால் பதில் அனுப்பாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, அந்தக் கணக்கைப் புகார் செய்து முடக்குங்கள். உங்களிடம் வந்து சொன்னதற்காகக் கைபேசி பறிபோகாது என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். தூக்கமும் சாப்பாடும் படிப்பும் சில வாரங்களாகத் தொடர்ந்து குலைந்தால், நண்பர்களை ஒதுக்கினால், பயன்பாட்டை மறைக்கப் பொய் சொன்னால், மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ அணுகுங்கள். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் பேச்சு வந்தாலோ வாரக் கணக்கில் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.