கடலைப் பார்த்து எரியும் விளக்குகள்

விடுதி, ஐஸ் ஃபேக்டரி, வீடு என்று மின்செலவைக் கணக்குப் பார்த்துக் குறைத்துக் கொடுப்பது என் தொழில். ஓய்வு கிடைத்தால் கேமராவோடு கடற்கரைக்குப் போய்விடுவேன். ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் எங்கே வேலைக்குப் போனாலும், “ஏசிதான் சார் கரண்ட்டத் தின்னுது” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அது பொய்யில்லை. ஆனாலும் நான் முதலில் அண்ணாந்து பார்ப்பது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டியிருக்கும் ஃபோகஸ் லைட்டைத்தான். ஏசி உள்ளே படுத்திருப்பவருக்காவது குளிர்ச்சி தருகிறது. கடலைப் பார்த்து விடிய விடிய எரியும் விளக்கு யாருக்காக என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

100 வாட் ஃபோகஸ் லைட் நான்கு, மாலை 6 முதல் காலை 6 வரை எரிந்தால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட். 60 நாளில் 288 யூனிட். “எல்இடி தானே, என்ன இழுத்துடப் போகுது?” என்பார்கள். பழைய மெர்குரி விளக்குக்கு இது குறைவுதான். ஆனால் எல்இடி வந்தபிறகு வாட் குறைந்ததே ஒழிய, ஒன்று இருந்த இடத்தில் நான்கு மாட்டுகிறோம், பத்து மணிக்கு அணைத்ததை இப்போது அணைப்பதே இல்லை.

ராமேஸ்வரத்தில் ஒரு விடுதி மேலாளர் என்னிடம் வாதாடினார்: “அமத்திட்டா யாரு சார் உள்ள வருவாக? பூட்டிக் கெடக்குன்னு நெனச்சு அடுத்த லாட்ஜுக்குப் போயிருவாக.” நியாயமான பேச்சு. ரயில் நள்ளிரவில் வரும். விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு மூன்று மணிக்கே ஆட்கள் எழுந்து நடமாடுவார்கள். அதனால் ரோட்டுப் பக்க விளக்குகளில் நாங்கள் கை வைக்கவில்லை. கடல் பக்கம் இருந்த நான்கை மட்டும் கழற்றிவிட்டு, தரையைப் பார்த்து எரியும் 20 வாட் மூடிபோட்ட விளக்குகளைச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் மாட்டினோம். டைமர் வைத்து இரவு 11 மணிக்கு அணையச் செய்தோம். 4.8 யூனிட் 0.4 ஆனது. படிக்கட்டு முன்பைவிட நன்றாகத் தெரிகிறது என்று அவரே சொன்னார். கண்கூச்சம் போனதுதான் காரணம்.

வீணாகும் வெளிச்சத்தைக் கண்டுபிடிக்க எனக்குக் கைகொடுப்பது மீட்டரைவிடக் கேமராதான். கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிப்போகும், சென்சார் பழகாது. தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் மாலைக்கு மேல் நிற்க விடமாட்டார்கள் என்பதால் இரவு வானம் எடுக்க நான் ராமேஸ்வரத்தை ஒட்டிய ஓலைக்குடா பக்கமோ, வாலிநோக்கம் என்ற கடலோரக் கிராமத்துக்கோ போவேன். கேமராவை இருட்டுக்கு ஏற்றபடி ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, 20 விநாடி என்று வைத்துக்கொள்வேன். ஓலைக்குடாவில் ஊர் இருக்கும் திசையில் வானத்தின் அடிப்பகுதி முழுக்க வெளுத்துக் கிடக்கும், அங்கே நட்சத்திரம் கிடையாது. அதே செட்டிங்கில் வாலிநோக்கத்தில் எடுத்தால் தொடுவானம்வரை புள்ளி புள்ளியாக இறங்கும். அந்த வெளுப்பு நாம் காசு கட்டி வானத்துக்கு ஏற்றிவிட்ட மின்சாரம்.

இதை உங்கள் செல்போனிலேயே செய்து பார்க்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அலை ஓரம் நின்று, நைட் மோடில் உங்கள் வீட்டையோ கடையையோ படம் எடுங்கள். படத்தில் வெளிச்சம் விழும் தரை மட்டும் தெரிந்தால் விளக்கு சரியாக இருக்கிறது. பல்பே வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தால் அது இடம் மாற வேண்டிய விளக்கு, அல்லது மூடி போட வேண்டிய விளக்கு.

கடற்கரைக்கு ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இங்கே பில்லை நாம் மட்டும் கட்டுவதில்லை. பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை கரையேறி முட்டையிடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரித்து, பெரும்பாலும் இருட்டில்தான் மணலைவிட்டு வெளியே வரும். மணல்மேடும் புதரும் கறுப்பாக நிற்கும், கடலின் பக்கம் சற்று வெளுப்பாக இருக்கும். வெளுப்பை நோக்கிப் போனால் கடல். குஞ்சுக்கு உள்ள வழிகாட்டி அவ்வளவுதான். பின்னால் ஒரு ஃபோகஸ் லைட் எரிந்தால் அது ரோட்டை நோக்கி ஊர ஆரம்பிக்கும். நாயும் காக்கையும் விட்டுவைத்தாலும் விடிந்ததும் வெயிலில் காய்ந்துவிடும். கரையேற வந்த தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டு முட்டையிடாமலே திரும்பிப் போவதுண்டு.

வெளிச்சத்தின் நிறமும் இதில் முக்கியம். ஆமையின் கண்ணை அதிகம் இழுப்பது நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள், ஆரஞ்சு குறைவாக இழுக்கும். கடையில் ‘கூல் டே லைட்’ என்று கொடுப்பது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடினால் நீலம் கூடும்), ‘வார்ம் ஒயிட்’ என்பது 2700 அல்லது 3000. விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவே. கேட்காவிட்டால் கடைக்காரர் கையில் முதலில் வருவது 6500தான். ஆமைக் குஞ்சை ஃபிளாஷ் போட்டு, டார்ச் அடித்து எடுத்துப் போடும் படங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நான் அவற்றை நல்ல படமாக எண்ணுவதில்லை.

பகல் படத்துக்கும் சிக்கனம் உண்டு. அது பறவையின் சிக்கனம். தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பு 2025-ல் பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டித்தான் வயிறு நிரப்புகிறது. மணிக்கணக்கில் மேய்ந்து சேர்த்ததில் ஒரு பங்கை, மிரண்டு எழுந்து பறக்கும்போது வீணாகச் செலவழிக்கும். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் ஒன்றாகக் கழுத்தைத் தூக்கி ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கையைத் தட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். காத்திருந்தால் அது தானாகவே பறக்கும்.

“நம்ம மாவட்டத்துலயே சோலார் இருக்கே சார், அப்பறம் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. கமுதியில் 2016-ல் அமைந்த 648 மெகாவாட் நிலையத்தைச் சொல்கிறார்கள். அது ராத்திரி எட்டு மணிக்கு ஒரு யூனிட்கூடத் தராது. காற்றாலை ஓரளவு கைகொடுக்கும்தான், ஆனால் அதன் சீசன் ஆமை வரும் மாதங்கள் முடிந்தபிறகே சூடுபிடிக்கும். ஆகவே அந்த இரவு வெளிச்சத்தில் பெரும்பங்கு நிலக்கரி. நிலக்கரிப் புகை பூமியோடு கடலையும் சூடாக்குகிறது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி வெளுத்துப்போனவை இதே மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள்தான்.

வீட்டுக்குள்ளே செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலோரத்தில் ஏசியின் முதல் எதிரி உப்பு. அவுட்டோர் யூனிட்டின் தகடுகளில் விரலை ஓட்டிப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டும். உப்புப் படிந்த தகட்டால் வெப்பத்தை வெளியேற்ற முடியாது. கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும். மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் அடிக்கடி மெதுவாக அலசுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீரில் அலசுவதற்கு அலசாமலே விடலாம். 24 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம். 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய வகை மோட்டார் உள்ளது) தினமும் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில் ஒன்றுக்கு 27 யூனிட் குறையும். 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் 500-ஐத் தாண்டினால் முதல் படிகளில் வரும் யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த கட்டணமும் போய்விடும்.

கலங்கரை விளக்கத்தையும் படகுத்துறை விளக்கையும் அணைக்கச் சொல்லவில்லை. வாடைக்காற்றில் கரை திரும்புகிறவர்களுக்கு அவை உயிர். கடலைப் பார்த்து நிற்கும் தெருவிளக்கு வேறு கதை. அது ஊராட்சியின் பொறுப்பு. நீங்களாக ஏறித் திருப்ப முடியாது. ஜனவரி 26 கிராமசபை ஆமை சீசனின் தொடக்கத்திலேயே வருகிறது. மூடி போடவும், மார்ச், ஏப்ரலில் நள்ளிரவுக்குமேல் அணைக்கவும் தீர்மானம் கேளுங்கள். எடுத்த படத்தை அச்சடித்துக் கொண்டுபோங்கள், பேச்சு குறையும். தீர்மானத்தில் கம்பத்தின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். ‘கடற்கரை விளக்குகள்’ என்று பொதுவாக எழுதிவிட்டால் எந்தக் கம்பம் என்று தேடுவதிலேயே பங்குனி போய்விடும்.